லக்ரோஸ் ஆடும் சிறுமியர்: கண்ணிற் சிக்கனம் வேண்டா

பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வாங்கும்போது, விலை மிகுந்ததே சிறந்ததென்று கருதும் பெற்றோர் உளர். ஏதாவதொன்றை வாங்கிக் கொடுத்தாற் போதுமென்று அமைவோரும் உளர். எப்பொருளிற் சிக்கனம் பிடிக்கலாம், எப்பொருளிற் பிடிக்கலாகாது என்பதை இவ்விரு சாராரும் ஆராய்வதில்லை. இவ்வாராய்ச்சி எத்துணை அவசியமென்பதை லக்ரோஸ் என்னும் ஆட்டம் நன்கு காட்டுகின்றது.

நுனியில் வலைப்பை பொருத்திய நீண்ட கோலினாற் பந்தை ஏந்தியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் இது. வலைப்பந்திற் பழகிய எம் மாணவியர்க்கு இது புதியதாகத் தோன்றலாம். ஆயினும் கனடாவில் இது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோடைகாலத் தேசிய விளையாட்டு. அந்நாட்டிற் குடியேறிய எம்மவர் குடும்பங்களோ பல. அங்கு பயிலும் பேத்தியோ பெறாமகளோ லக்ரோஸ் ஆட விரும்புவதாகத் தொலைபேசியிற் கூறின், "பெண் பிள்ளைக்கு இது ஆபத்தன்றோ?" என்னும் ஐயம் இங்குள்ள பெரியோர்க்கு எழுதல் இயல்பே.

வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் தொன்மையான ஆட்டம் இது. 1867-இல் மொன்றியல் நகரத்துப் பல் வைத்தியர் வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ் இதற்கு விதிகளை ஒழுங்குபடுத்தினார். 1890-இல் ஸ்கொட்லாந்தின் சென்ற் லெனார்ட்ஸ் பாடசாலையில் மாணவியர் இதனை ஆடத் தொடங்கினர். அங்கு கற்ற றோசபெல் சின்கிளயர் என்னும் ஆசிரியை 1926-இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலுள்ள பிரின் மோர் பாடசாலையில் இதனை வேரூன்றச் செய்தார்.

விதியே கவசம்

ஆடவர் ஆட்டத்தில் உடலோடு உடல் மோதலாம். ஆதலின் அவர்கள் தலைக்கவசமும் தடித்த கையுறையும் தோட்காப்பும் அணிகின்றனர். திறந்த மைதானத்திற் பெண்கள் ஆடும் ஆட்டத்திலோ மோதல் விலக்கப்பட்டுள்ளது. எதிராளியின் தலையைச் சூழ்ந்த ஏறத்தாழ 7 அங்குல எல்லையுட் கோலை வீசுதல் கூடாதென்பது அமெரிக்க விதி. ஆகவே பெண்களுக்கு விதியே பெருங் கவசமாக அமைகின்றது. உள்ளரங்கில் ஆடப்படும் பெட்டி லக்ரோஸுக்குத் தலைக்கவசம் முதலியன வேண்டும். எனவே மகள் ஆடப்போவது எவ்வகை ஆட்டம் என்பதை அறிந்த பின்னரே கடைக்குச் செல்லல் வேண்டும்.

ஆனால் பந்து விதியை அறியாது. 5 அவுன்ஸுக்குச் சற்று மேற்பட்ட, உட்கூடற்ற கட்டி றப்பர்ப் பந்து அது. அது கண்ணிற் பட்டாற் பார்வையே போகக்கூடும். இதனையுணர்ந்தே அமெரிக்காவில் 2005 முதற் பெண்களுக்குக் கண்காப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின்னர்ப் பாடசாலை மாணவியரிடையே கண் காயங்கள் பெரிதும் குறைந்தமையை ஆய்வாளர் கண்டனர். பிற நாடுகளின் விதிகள் வேறுபடலாம். கண்ணின் மென்மை எங்கும் ஒன்றே.

தேர்ந்தெடுக்கும் முறை

கண்காப்பை முகத்தில் அணிவித்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும். லக்ரோஸுக்குரிய பாதுகாப்புத் தர முத்திரை அதிலுண்டோ எனப் பார்க்க. தலையை அசைக்கும்போது அது நழுவலாகாது. பக்கப் பார்வையை மறைக்கலாகாது. மூக்குக்கண்ணாடி அணியும் பிள்ளையாயின், அதனை அணிந்தபடியே பொருத்திப் பார்க்க. வெயிற் கண்ணாடி ஒருபோதும் இதற்கு ஈடாகாது.

அடுத்தது பற்காப்பு. வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பல்லின் வடிவிற்கு அமைக்கும் வகை பலருக்கும் போதுமானது. பாற்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயதில் ஆண்டுதோறும் புதியது வேண்டும். பல்லிற் கம்பி கட்டிய பிள்ளைகள் பல் வைத்தியரைக் கேட்டல் நன்று.

சிக்கனத்திற்கு இடமுள்ளது கோலிலேயே. தொடக்க மாணவிக்கு எளிய கோல், முன்னர் ஒருவர் ஆடிய கோலாயினும், போதும். ஆயின் அண்ணனின் கோலைத் தங்கைக்குக் கொடுத்தல் பயன்படாது. பெண்களின் கோல் சற்று மெல்லியது. அதன் வலைப்பையும் ஆழமற்றது. பையிலிட்ட பந்தின் மேற்பகுதி பக்கவிளிம்பிற்கு மேலே தெரிதல் வேண்டும். ஆடவர் கோலின் பை இதனினும் ஆழமானது. பெண்களுக்குரிய கோலின் நீளம் பொதுவாக 35½ அங்குலம் முதல் 43¼ அங்குலம் வரை. மிகச் சிறியோர் இதனினும் குறுகியதைக் கொள்வர். உலோகக் கோலாயின் அடி நுனியில் மூடி இருத்தல் இன்றியமையாதது. மூடியற்ற குழாய் பிறர் உடலைக் கிழிக்கும்.

சப்பாத்தின் அடிக்குமிழ்கள் றப்பராகவோ பிளாஸ்ரிக்காகவோ இருக்கலாம். உலோக ஆணி ஆகாது. வாயில் காப்பவளின் நிலை வேறு: தலைக்கவசம், கழுத்துக்காப்பு, மார்புக்காப்பு, கையுறை, காற்காப்பு ஆகிய யாவும் அவளுக்கு வேண்டும். இவற்றைக் கழகமோ பாடசாலையோ வழங்குமாவென முதலிற் கேட்டறிதல் செலவைக் குறைக்கும்.

பேணும் முறை

மழையில் நனைந்த கோலை உலர்ந்த துணியாற் துடைத்து நிழலில் உலர்த்துக. தோல்வார்கள் நனைந்தால் நீண்டு, பை ஆழமாகிவிடும். ஆதலின் உலரும்போது பையைப் பின்புறமாகத் தள்ளி வைத்தல் நலம். வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டியுட் கோலை விட்டாற் பிளாஸ்ரிக் தலை வளையும். தலையில் வெடிப்பும், கோலிற் கூர்விளிம்பும் உளவோ என ஆட்டத்திற்கு முன் தடவிப் பார்க்க. நாட்பட வழவழப்பாகி இறுகிய பந்தை ஒதுக்கிவிடுக.

பற்காப்பைத் தண்ணீரிற் கழுவிக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைக்க. வெந்நீர் அதன் வடிவைக் கெடுக்கும். கண்காப்பு வளைந்தாலோ வெடித்தாலோ, பட்டி தளர்ந்தாலோ, மாற்றுக. இவ்விரண்டையும் பிறரிடமிருந்து பழையனவாக வாங்குதல் தகாது. அவை முன்னர் பட்ட அடியை நாம் அறியோம்.

இப்பணிகளைத் தாய் செய்தலினும் மகளே செய்தல் சிறப்பு. தன் கருவியைத் தானே துடைத்துச் சோதிக்கும் சிறுமி, தன் உடலைத் தானே காக்கவும் கற்கின்றாள். லக்ரோஸ் 2028-ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இருபாலார்க்கும் இடம்பெறுமென 2023-இல் முடிவாயிற்று. இனி இதனை ஆட விழையும் பெண் பிள்ளைகள் பெருகுவர். அச்சத்தினால் அவர்களைத் தடுப்பதற்கு முன், கண்காப்பு உளதோ, பற்காப்புப் பொருந்துகின்றதோ, பயிற்றுநர் விதியைக் காக்கின்றாரோ எனப் பெற்றோர் வினவுவாராக. மூன்றிற்கும் ஆமென்று விடை வருமாயின், மகிழ்வுடன் மைதானத்திற்கு அனுப்புவாராக.