வரித்தலை வாத்துக்கு ஊசி வேண்டாமா?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் மாவட்டக் கரைவெட்டி ஏரிக்கு, ஜனவரியில் பத்தாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்றேன். 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஏரி அது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைக் காட்டி, பறவைகளின் இரத்தத்தில் சர்க்கரை நம்மைவிட மிக அதிகம் என்றேன். கோழிக்கு இயல்பாகவே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். நமக்கு வெறும் வயிற்றில் 100க்குள்.

தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் மாணவன் ஒருவன் என் வகுப்பில் உண்டு. "அப்போ அதுங்களுக்கு ஊசி வேண்டாமா சார்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் உடனே பதில் வரவில்லை.

மறுநாள் கரும்பலகையில் மூன்று வரிசை எழுதினேன். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். அதன் ஏ சங்கிலியின் 8, 9, 10ஆம் இடங்கள் மட்டும் இவை:

மனிதர்: திரியோனின், செரின், ஐசோலியூசின்
கோழி: ஹிஸ்டிடின், அஸ்பராஜின், திரியோனின்
வாத்து: குளுட்டாமிக் அமிலம், அஸ்பராஜின், புரோலின்

மொத்தத்தில் கோழி நம்மிடமிருந்து 7 இடங்களில் வேறுபடுகிறது. வாத்து 6 இடங்களில். எட்டாம் இடத்து ஹிஸ்டிடினால் கோழி இன்சுலின் ஏற்பியை நம்முடையதைவிட இறுகப் பற்றும். வாத்தினுடையது தளர்வாகவே பற்றும்.

ஏற்பியும் இப்படி மாறியதா? பாடநூல் இன்சுலினோடு நின்றுவிடுகிறது, சுவை இங்கேதான். 1970களில் பல முதுகெலும்பிகளின் ஏற்பிகளைச் சோதித்தார்கள். எந்த விலங்கின் ஏற்பியானாலும் கோழி இன்சுலினுக்கே முதலிடம் தந்தது. சாவி மாறிய அளவுக்குப் பூட்டு மாறவில்லை.

அப்படியானால் கோழிக்குச் சர்க்கரை ஏன் குறையவில்லை? குளுக்கோஸைத் தசைக்குள் இழுக்கும் குளுட்-4 என்னும் கடத்திப் புரதம் கோழியில் இல்லை. பூட்டு திறந்தாலும் அந்தக் கதவு அங்கில்லை. பறவைகளில் குளுக்ககானின் கையே ஓங்கியது. கணையத்தை நீக்கினால் நாய்க்கு நீரிழிவு வரும் என்று 1889இல் கண்ட மின்கோவ்ஸ்கி, வாத்தில் அப்படி வராததையும் கண்டார்.

"என் மருந்து கோழியிலிருந்து எடுத்ததா சார்?" என்றான் அவன். முன்பு பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தார்கள், பன்றியினுடையது நம்முடையதிலிருந்து ஒரே இடத்தில்தான் வேறுபடும், இப்போது மனித மரபணுவைப் பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ வைத்துத் தயாரிக்கிறார்கள் என்றேன். அந்த ஒரு இடம் எது என்று கேட்டான். பி சங்கிலியின் 30ஆம் இடம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.