உப்புக்கு வரி இல்லை, உப்பளத்துக்கு உண்டு

தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் 2019-இல் ஏப்ரல் 18 அன்றும், 2024-இல் ஏப்ரல் 19 அன்றும் நடந்தது. விழுப்புரம் தொகுதியிலுள்ள மரக்காணத்தில் அது உப்பு வாரும் காலம். பொங்கலுக்குப் பின் பாத்தி மிதித்துச் சீராக்கியவர்கள் சித்திரை வெயிலை நம்பித்தான் வருஷத்தையே ஓட்டுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரசார வண்டிகள் போவதும் அப்போதுதான். வரியைக் குறைப்போம் என்று ஒரு கட்சி சொல்லும். உப்புக்கு வரியே கிடையாதே என்று இன்னொரு கட்சி சொல்லும். இரண்டாவது கட்சி சொல்வது பொய்யில்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து உப்புக்கு அதில் முழு விலக்கு. உப்பை லாரி சர்வீஸ் மூலம் ஏற்றி அனுப்பும் வாடகைக்கும் விலக்குதான்.

பிறகு ஏன் உப்பளக்காரர் வரியைப் பற்றிப் புலம்புகிறார்?

ஜிஎஸ்டி வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது விடை. ஒரு சோப்புக் கம்பெனி வாங்கும் மூலப்பொருளுக்கு வரி கட்டுகிறது. சோப்பை விற்கும்போது வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கிறது. முதலில் கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குச் செலுத்துகிறது. இந்தக் கழிவுக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். விற்கும் பொருளுக்கு வரி இல்லையென்றால் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. வாங்கும்போது கட்டியது கட்டியதுதான்.

சாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு மூட்டை கட்டும் பிளாஸ்டிக் நெசவுச் சாக்குக்கு 2020 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் வரி. அதற்கு முன் 12. சாக்கு பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரி ஒரு ரூபாய் எண்பது காசு. தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புக்கும் 2022 ஜூலையில் 12 சதவீதம் 18 ஆனது. இரண்டையும் உப்பளக்காரர் தன் செலவில் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதே உப்பைக் கப்பலேற்றி அயல்நாட்டுக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். திண்டிவனம் கடைக்கு அனுப்புபவர் கேட்க முடியாது. சரி, செலவை விலையில் ஏற்றிவிடலாமே என்றால், குஜராத் உப்பும் தூத்துக்குடி உப்பும் சந்தையில் போட்டிக்கு நிற்கின்றன. மரக்காணம் கேட்கும் விலையை யாரும் கொடுக்கப்போவதில்லை.

சாக்காவது சில்லறை. பெரிய சமாச்சாரம் டீசல். நீரை இறைத்து, ஒவ்வொரு தெப்பமாக, அதாவது தேக்கமாக, வெயிலில் காயவிட்டு, அடர்த்தி ஏறிய பிறகு பாத்திக்கு விடுவதுதான் உப்புத் தொழில். மின் இணைப்பு எட்டாத அளத்தில் டீசல் எஞ்சின்தான் துணை. டீசல் ஜிஎஸ்டிக்குள் இல்லை. மத்திய அரசு கலால் வரி போடுகிறது, மாநில அரசு மதிப்புக் கூட்டு வரி போடுகிறது. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு மத்தியக் கலால் லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசு. 2025 ஏப்ரலில் இன்னும் இரண்டு ரூபாய் கூடியது. அந்த 15.80-இல் அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 80 காசு. மீதி பதினான்கு ரூபாயும் கூடுதல் வரி, சாலை செஸ், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்ற பெயர்களில் போனது. மாநிலங்களோடு மத்திய அரசு பங்கிட வேண்டியது அடிப்படைக் கலாலை மட்டும்தான். மத்திய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று மேடையில் கேட்கும்போது, எந்த வரியில் என்ற கேள்வி எழ வேண்டிய இடம் இது.

2024 தேர்தல் அறிக்கையில் திமுக, டீசல் லிட்டர் 65 ரூபாய் என்றது. கேட்க இனிப்பான எண். ஆனால் அதற்கு மத்தியக் கலாலை வெட்ட வேண்டும், இல்லை மாநில வரியை வெட்ட வேண்டும், இல்லை எண்ணெய்க் கம்பெனிக்கு மானியம் தர வேண்டும். இதில் எது, எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத வாக்குறுதியைக் கணக்கில் எடுக்க முடியாது. மத்தியில் ஆள்பவர் மாநில வரியைக் காட்டுவதும் மாநிலத்தில் ஆள்பவர் மத்திய வரியைக் காட்டுவதும் ஒரே விளையாட்டு. இருவரும் டீசலில்தான் சுலபமாக வசூலிக்கிறார்கள், அதனால்தான் அது ஜிஎஸ்டிக்குள் வரவில்லை.

பாத்தி கட்டுகிறார், நீர் பாய்ச்சுகிறார், மழைக்குப் பயப்படுகிறார். இருந்தும் உப்பளக்காரர் விவசாயி அல்ல. வருமான வரிச் சட்டப்படி உப்பில் வரும் வருமானம் விவசாய வருமானம் ஆகாது. விவசாயத்துக்கான இலவச மின்சாரம் அவருக்குக் கிடையாது. 2019 பிப்ரவரி 1 அன்று, தேர்தலுக்கு இரண்டரை மாதம் முன்பு, இடைக்கால பட்ஜெட்டில் பியூஷ் கோயல் அறிவித்த பிரதமர் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் பயிரிடும் நிலம் உள்ளவர்களுக்குத்தான். உப்பளத் தொழிலாளிக்கு மாநில அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. அது நல்ல காரியம், ஆனால் வரிக்கு மாற்று அல்ல.

உப்பு இவ்வளவு சர்க்கார் சம்பந்தப்பட்ட பொருளாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 58-ஆவது இனமே உப்புதான். மரக்காணத்திலும் அளங்கள் மத்திய, மாநில அரசுகளின் நிலத்தில் குத்தகைக்கு நடப்பவை. ஆகவே இங்கே மக்களவைத் தேர்தலில் உப்பைப் பற்றிக் கேட்பது இடம் மாறிக் கேட்பது அல்ல.

உப்பு வரி ஒரு தேர்தலையே சூடாக்கிய கதையும் நம்மிடம் இருக்கிறது. 1923-இல் நிதி உறுப்பினர் பேசில் பிளாக்கெட், பட்ஜெட்டில் விழுந்த துண்டை அடைக்க, மணுவுக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரை ரூபாயாக்கினார். மத்திய சட்டசபை மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் சி.ஆர். தாஸ், மோதிலால் நேரு ஆகியோரின் சுயராஜ்யக் கட்சி பெரும் பலத்தோடு சபைக்குள் நுழைந்தது. மறு ஆண்டே வரி பழைய ஒன்றேகாலுக்கு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்த காலம் அது. உப்பு வாரியவருக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை.

வரி முழுதும் ஒழிந்தது 1947 ஏப்ரலில். பிப்ரவரி 28 அன்று இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் தந்த பட்ஜெட் அது. உப்பில் போன பணத்தை அவர் தேடிய இடங்களில் ஒன்று வியாபார லாபம்: ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்தில் 25 சதவீதம். முதலாளிகள் கொதித்தார்கள், காங்கிரசுக்கு நெருக்கமானவர்களைக் குறிவைத்த பட்ஜெட் என்ற குமுறலும் எழுந்தது. கடைசியில் அது 16⅔ சதவீதமாகக் குறைந்தது. ஏழையின் வரியைக் குறைத்தால் அதை வேறு யார் தலையில் வைப்பது என்ற சண்டை அன்றே நடந்திருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் உப்புத் துறைச் செலவுக்கென்று 1953-இல் ஒரு சிறு செஸ் வந்தது, பின்னாளைய அளவில் 40 கிலோவுக்கு 14 காசு. 2016-இல் சில்லறை செஸ்களை ஒழித்தபோது அதுவும் போனது.

இனி இன்றைய வியாபார வரி. 2019 செப்டம்பர் 20 அன்று நிர்மலா சீதாராமன், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரியை 22 சதவீதமாக்கினார். மேல்வரியும் செஸும் சேர்த்து 25.17. அரசே சொன்ன வருவாய் இழப்பு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி. நாலு பேர் கூட்டுச் சேர்ந்து நடத்தும் பங்குதாரர் நிறுவனத்துக்கோ வரி அதே 30, செஸோடு 31.2. பத்து லட்சம் லாபத்தில் கம்பெனி கட்டுவது 2,51,680 ரூபாய், பங்குதாரர் நிறுவனம் கட்டுவது 3,12,000. பங்குதாரர் சம்பளத்தையும் வட்டியையும் வரம்புக்குள் கழிக்கலாம், கம்பெனி தரும் ஈவுத்தொகைக்கு வாங்குபவர் தனியாக வரி கட்ட வேண்டும். ஆகவே வித்தியாசம் முழுதாக நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனி ஆளாகக் குத்தகை எடுத்தவருக்குப் புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. ஆகவே கம்பெனி வரிச் சண்டை இந்தக் கரையில் அநேகரைத் தொடாது. டீசல் எல்லோரையும் தொடும்.

அந்தக் கம்பெனி வரிக் குறைப்பின் தேதியைக் கவனியுங்கள். இவ்வளவு பெரிய வரிக் குறைப்பு தேர்தல் முடிவு வந்து நான்கு மாதத்தில் அவசரச் சட்டமாக வந்தது. அதற்கு முந்தைய பிரசாரத்தில் அது பெரிய பேச்சாக இருந்ததில்லை. 2024-இலும் பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் வருமான வரி விகிதம் எதுவும் மாறவில்லை. மாற்றங்கள் ஜூலை 23 முழு பட்ஜெட்டில் வந்தன. தேர்தலுக்கு முன் கொடுப்பதைச் சொல்வார்கள், யாரிடமிருந்து எடுப்பது என்பதைப் பின்னால் தள்ளுவார்கள். இது எந்த ஒரு கட்சியின் தனிக் குணமும் அல்ல.

அடுத்த முறை விழுப்புரம் தொகுதி வேட்பாளர் உங்கள் பக்கம் வந்தால் உப்புக்கு வரி போடுவீர்களா என்று கேட்காதீர்கள், யாரும் போடமாட்டார்கள். சாக்குக்கும் பம்புக்கும் கட்டிய வரியைத் திருப்பித் தர வழி செய்வீர்களா, டீசலில் எந்த வரியை எத்தனை ரூபாய் குறைப்பீர்கள், அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவதற்கு விடை சொல்லாதவரின் முதல் இரண்டு பதிலையும் நம்ப வேண்டாம்.