பைசிக்ளிங் சயன்ஸ் (நூல்)

பைசிக்ளிங் சயன்ஸ் என்பது மிதிவண்டியின் இயக்கத்தையும், அதனை ஓட்டும் மனித உடலின் ஆற்றலையும் அறிவியல் அடிப்படையில் விளக்கும் ஓர் ஆங்கில நூல் ஆகும். மிதிவண்டி ஓட்டத்தின் அறிவியல் என்று இத்தலைப்பைத் தமிழில் கூறலாம். பிராங்க் ரோலண்ட் விட், டேவிட் கோர்டன் வில்சன் ஆகிய இருவரும் எழுதிய இதன் முதற் பதிப்பை, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பதிப்பகம் 1974ஆம் ஆண்டில் வெளியிட்டது. திருத்திய பதிப்புகள் 1982, 2004, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன.

மிதிவண்டி ஆர்வலர்களுக்கென எழுதப்படும் நூல்களில் பெரும்பாலானவை பழுதுபார்க்கும் கையேடுகளாகவோ, பயண நூல்களாகவோ, பந்தய வீரர்களின் வரலாறுகளாகவோ அமைகின்றன. இந்நூல் இவ்வகைகளில் எதிலும் சேராது. குறிப்பிட்ட வேகத்தில் செல்ல எவ்வளவு திறன் தேவை, மழையில் பிரேக் ஏன் சரியாகப் பிடிப்பதில்லை, இரண்டே சக்கரங்களில் ஓடும் வண்டி ஏன் விழுவதில்லை என்பன போன்ற கேள்விகளுக்கு அளவீடுகளைக் கொண்டு விடை தேடுகிறது. பொறியியல் மாணவர் அல்லாதவரும் சமன்பாடுகளைத் தாண்டிச் சென்று படிக்கக்கூடிய நடையில் இது எழுதப்பட்டுள்ளது.

பின்னணி

மிதிவண்டியைப் பற்றிய முதல் விரிவான பொறியியல் நூல் எனக் கருதத்தக்கது, ஆர்ச்சிபால்ட் சார்ப் என்பவர் 1896இல் இலண்டனில் வெளியிட்ட "பைசிக்கிள்ஸ் அண்ட் டிரைசிக்கிள்ஸ்" ஆகும். 500 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலில் சட்டகம், சங்கிலி, பற்சக்கரம், குண்டுப் பொறுப்பு ஆகிய ஒவ்வொன்றின் மீதும் செயற்படும் விசைகள் கணக்கிடப்பட்டிருந்தன. மிதிவண்டித் தொழில் அப்பொழுது உச்சத்தில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தானுந்தும் வானூர்தியும் பொறியாளர்களின் கவனத்தை ஈர்த்துக்கொண்டன. மிதிவண்டி முழு வளர்ச்சி அடைந்துவிட்ட ஒரு பொருளாகக் கருதப்பட்டதால், அதனைப் பற்றிய ஆய்வு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம் மந்தமாகவே இருந்தது. சார்ப்பின் நூலும் நெடுங்காலம் கிடைப்பதற்கு அரிதாயிற்று. எம்.ஐ.டி. பதிப்பகம் 1977இல் அதனை மறுபதிப்புச் செய்தது.

இந்த நீண்ட இடைவெளிக்குப் பின்னர் வந்ததே பைசிக்ளிங் சயன்ஸ். நூலாசிரியர்களுள் விட் இங்கிலாந்தைச் சேர்ந்த வேதிப் பொறியாளர். மிதிவண்டியில் ஏற்படும் தடைகளைக் கணக்கிட்டுக் கட்டுரைகள் எழுதிவந்தவர். வில்சன் 1928இல் இங்கிலாந்தில் பிறந்து, 1966 முதல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். வளிமச் சுழலிகளின் வடிவமைப்பே அவருடைய முதன்மைத் துறையாகும். 1967ஆம் ஆண்டில் மனித ஆற்றலால் இயங்கும் ஊர்திகளை மேம்படுத்துவதற்கான போட்டி ஒன்றை அவர் ஏற்பாடு செய்தார். இத்துறையில் ஆர்வமுள்ள பலர் அவரோடு தொடர்புகொள்ள இது வழிவகுத்தது. புதைபடிவ எரிபொருள்களின் மீது கட்டணம் விதித்து, அத்தொகையை மக்களுக்கே பகிர்ந்தளிக்க வேண்டும் என்று 1970களிலேயே வாதிட்டவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. வில்சன் 2019இல் காலமானார்.

நூல் வெளிவந்த காலமும் அதற்குச் சாதகமாக அமைந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரியவர்களிடையே மிதிவண்டி விற்பனை பெருகியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்டுவந்த ஒன்றைப் போக்குவரத்துச் சாதனமாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இந்நூல் பயன்பட்டது.

தடைகளும் திறனும்

நூலின் அடிப்படையான பகுதி இதுவாகும். சமதளத்தில் சீரான வேகத்தில் செல்லும் மிதிவண்டியை இரண்டு தடைகள் எதிர்க்கின்றன. ஒன்று, டயர் நிலத்தில் அழுந்தி நெளிவதால் ஏற்படும் உருளல் தடை. இது வேகத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. மற்றொன்று காற்றுத்தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அதிகரிக்கும். எனவே காற்றைக் கிழித்துச் செல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப அதிகரிக்கும்.

எடுத்துக்காட்டாக, வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 85 கிலோகிராம் எனவும், நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் சாதாரண வண்டி எனவும் கொள்வோம். உருளல் தடைக் குணகம் 0.008 எனவும், காற்றை எதிர்கொள்ளும் பயன்பரப்பு 0.6 சதுர மீட்டர் எனவும் வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் மொத்தம் 26 வாட் போதுமானது. அதில் 18 வாட்டுக்கு மேல் உருளல் தடைக்கே செல்கிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் தேவை ஏறத்தாழ 100 வாட்டாக உயர்ந்து, அதில் காற்றின் பங்கு 60 வாட்டைத் தாண்டிவிடுகிறது. 30 கி.மீ. வேகத்திற்கு 260 வாட்டுக்கு மேல் வேண்டும். 40 கி.மீ. வேகத்திற்கு 570 வாட் வேண்டும். பயிற்சியில்லாத, உடல்நலமுள்ள ஒருவர் சில மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 75 முதல் 100 வாட் வரையே ஆகும். உலகின் எந்த ஊரிலும் அன்றாடம் மிதிவண்டியில் செல்வோரின் வேகம் 15 முதல் 20 கி.மீ. அளவிலேயே அமைந்திருப்பதன் காரணம் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

மேட்டில் ஏறும்போது நிலைமை மாறுகிறது. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற, மேற்கண்ட 26 வாட்டுடன் மேலும் 116 வாட் தேவைப்படும். வண்டியின் எடையைக் குறைப்பதால் சமதளத்தில் கிடைக்கும் பயன் சிறிது என்பதையும், மேட்டில்தான் அது உணரப்படும் என்பதையும் இதிலிருந்து அறியலாம். எடை குறைந்த வண்டிக்காகப் பெருந்தொகை செலவிட நினைப்போர் படிக்க வேண்டிய பகுதி இது.

தசைகளின் பயனுறுதிறன் ஏறத்தாழ 25 விழுக்காடு ஆகும். அதாவது மிதிகட்டையில் 75 வாட் கிடைக்க, உடல் 300 வாட் அளவுக்கு ஆற்றலைச் செலவிடுகிறது. எஞ்சியது வெப்பமாகிறது. ஓடும் வண்டியில் எதிர்க்காற்று இவ்வெப்பத்தைக் கடத்திச் சென்றுவிடும். உடற்பயிற்சிக்கான நிலைத்த மிதிவண்டியில் ஒருவர் விரைவில் களைத்துப்போவதற்குக் குளிர்ச்சிக் குறைவும் ஒரு காரணம்.

தூரத்துக்கும் எடைக்கும் செலவாகும் ஆற்றலை ஒப்பிட்டால், விலங்குகள், ஊர்திகள் அனைத்திலும் மிதிவண்டியில் செல்லும் மனிதனே முதலிடம் பெறுகிறான் என்ற புகழ்பெற்ற வரைபடம் 1973இல் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் வெளிவந்தது. அக்கட்டுரையை எழுதியவர் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். எஸ். வில்சன். பெயர் ஒற்றுமையால் இவரையும் இந்நூலாசிரியரையும் ஒருவரெனக் கருதிவிடக் கூடாது. கணினியை மனத்திற்கான மிதிவண்டி என்று ஸ்டீவ் ஜொப்ஸ் கூறிவந்ததற்கு, இவ்விதழில் கண்ட ஒப்பீடே தூண்டுதலாக அமைந்தது.

பிரேக்

நிமிர்ந்து அமரும் வண்டியில் முன்பிரேக்கை மிகக் கடுமையாகப் பிடித்தால் பின்சக்கரம் எழும்பி, ஓட்டுநர் கைப்பிடிக்கு மேலாக முன்னே வீசப்படுவார். இதனால் வேகத்தைக் குறைக்கும் வீதத்திற்கு ஓர் உச்ச எல்லை உண்டு. அது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ பாதியாகும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி மூன்று மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் நிற்கலாம். பின்பிரேக்கை மட்டும் பயன்படுத்தினால் கிடைப்பது இதில் பாதி அளவே. பின்பிரேக்கே பாதுகாப்பானது என்று நம்பி முன்பிரேக்கைத் தொடாமல் ஓட்டுவோர், அவசர நேரத்தில் நிற்கும் தூரத்தை இரட்டிப்பாக்கிக் கொள்கின்றனர்.

ஈரத்தில் இக்கணக்குகள் அனைத்தும் பொய்த்துப்போகின்றன. குரோமியம் பூசிய எஃகு விளிம்பில் நீர் படிந்தால், சாதாரண ரப்பர் பிரேக் கட்டையின் உராய்வு பல மடங்கு குறைந்துவிடுகிறது. சக்கரம் சில சுற்றுகள் சுற்றி நீர் துடைக்கப்பட்ட பின்னரே பிடிப்பு மீள்கிறது. அலுமினிய விளிம்பில் இக்குறை குறைவு. இந்தியாவிலும் இலங்கையிலும் நீண்டகாலம் பெருவழக்கில் இருந்த கம்பிப் பிரேக் கொண்ட 28 அங்குலச் சக்கர வண்டிகள் எஃகு விளிம்பு உடையவை. மழைக்காலத்தில் அவற்றை ஓட்டியவர்கள் இவ்வுண்மையைச் சோதனைச்சாலை இல்லாமலேயே அறிந்திருப்பர்.

சமநிலை பற்றிய சிக்கல்

ஆளில்லாத மிதிவண்டியை வேகமாகத் தள்ளிவிட்டால், அது விழாமல் சிறிது தூரம் தானாகவே நேராகச் செல்லும். இதற்குக் காரணம் என்ன? பள்ளிப் பாடங்களிலும் பொது அறிவியல் நூல்களிலும் கூறப்பட்டுவந்த விடை, சுழலும் சக்கரங்களின் பம்பர விளைவு என்பதாகும். கிளைன், சொமர்பெல்ட் ஆகிய செருமானிய அறிஞர்களின் பம்பரம் பற்றிய பெருநூலும் (1910) தானியங்கு நிலைப்புக்குப் பம்பர விளைவு இன்றியமையாதது என்ற முடிவையே தந்தது.

1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், ஓட்டவே முடியாத ஒரு மிதிவண்டியைச் செய்ய முயன்றார். முன்சக்கரத்தின் அருகே எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திப் பம்பர விளைவை நீக்கினார். ஆயினும் அவரால் அவ்வண்டியை எளிதாக ஓட்ட முடிந்தது. எனவே உண்மையான காரணம் முன்கவையின் அமைப்பே என்று அவர் முடிவுசெய்தார். கைப்பிடித் தண்டின் சாய்கோட்டை நீட்டினால் அது நிலத்தைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் முன்சக்கரம் நிலத்தைத் தொடுகிறது. ட்ரெயில் எனப்படும் இவ்விடைவெளியால், தள்ளுவண்டியின் சுழல்சக்கரத்தைப் போல முன்சக்கரம் தானே நேராகிறது என்பது அவ்விளக்கம். பலர் இதனையே இறுதி விடையாக ஏற்றனர்.

1980களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜிம் பாபடோபுலோஸ் என்ற பொறியாளர் இச்சிக்கலை மீண்டும் எடுத்தார். 1899இல் விப்பிள் என்ற கேம்பிரிட்ச் மாணவர் எழுதிய சமன்பாடுகள் தொடங்கி, அதுவரை வெளிவந்த ஆய்வுகளைச் சரிபார்த்து, அவற்றுள் பலவற்றில் பிழைகள் இருப்பதைக் கண்டார். பம்பர விளைவோ ட்ரெயிலோ தனித்துக் காரணமாகாது என்ற முடிவுக்கும் வந்தார். ஆனால் ஆய்வுக்கான நிதி தீர்ந்துபோனது. அவருடைய முடிவுகளில் பெரும்பகுதி அச்சேறாமலே கிடந்தது. நிலையான ஆய்வுப் பதவியும் அவருக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. பைசிக்ளிங் சயன்ஸ் நூலின் மூன்றாம் பதிப்பில் (2004) வில்சன் அவரைப் பங்களிப்பாளராக இணைத்துக்கொண்டார். ஆர்வலர்களுக்கான நூல் ஒன்று, ஆய்விதழ்கள் அறியாதிருந்த ஒருவரின் உழைப்புக்கு முன்னதாகவே இடமளித்தது என்ற வகையில் இப்பதிப்பு தனிச்சிறப்பு உடையது.

பின்னர் ஆண்டி ரூயினா, நெதர்லாந்தின் டெல்ப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2007இல் வெளியானது. அதில் மாதிரியாக எடுத்துக்கொண்ட மிதிவண்டி, நொடிக்கு 4.29 மீட்டர் முதல் 6.02 மீட்டர் வரையான வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 15.5 முதல் 21.7 கி.மீ. வரை, ஓட்டுநரின் உதவியின்றியே நிலைப்புடன் ஓடும் எனக் காட்டப்பட்டது. 2011இல் இதே குழுவினர் பம்பர விளைவு நீக்கப்பட்டதும், சக்கரம் தொடும் புள்ளி வழக்கத்திற்கு மாறாக முன்னால் அமைந்ததுமான ஒரு சிறு வண்டியைச் செய்து காட்டினர். தள்ளிவிட்டபோது அதுவும் விழாமல் ஓடியது. முன்பகுதியின் எடை எங்கே அமைந்துள்ளது என்பதும் முக்கியம் என இதனால் தெளிவாயிற்று. வண்டி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே கைப்பிடி திரும்ப வேண்டும் என்பது பொதுவான தேவை. அத்திருப்பம் பல வழிகளில் நிகழலாம். எல்லா மிதிவண்டிகளுக்கும் பொருந்தும் எளிய ஒற்றை விளக்கம் இல்லை.

பிற ஊர்திகள்

சாய்ந்தமர்ந்து ஓட்டும் மிதிவண்டிகள்பால் வில்சனுக்குப் பற்று அதிகம். அவரே அத்தகைய வண்டிகளை வடிவமைத்தார். இச்சார்பு நூலிலும் வெளிப்படுகிறது. எனினும் அவருடைய வாதம் ஆதாரமற்றதன்று. 1933இல் பிரான்சிஸ் போர் என்பவர் அவ்வகை வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. சென்று, 1914 முதல் நிலைத்திருந்த 44.247 கி.மீ. சாதனையை முறியடித்தார். பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 1934இல் அவ்வகை வண்டிகளைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது. இவ்விலக்கு இல்லாதிருந்தால் இன்றைய மிதிவண்டியின் தோற்றம் வேறாக இருந்திருக்கும் என்று அவ்வண்டிகளின் ஆதரவாளர்கள் கூறுவர். முழுதும் மூடப்பட்ட, காற்றுத்தடை குறைந்த சாய்வு வண்டி ஒன்று 2016இல் ஒரு மணி நேரத்தில் 92.432 கி.மீ. சென்றது. வழக்கமான வண்டியில் பிலிப்போ கன்னா 2022இல் எட்டிய தூரம் 56.792 கி.மீ. ஆகும். இரண்டிலும் எந்திரம் மனித உடலே.

மனித ஆற்றலால் இயங்கும் படகுகளும் வானூர்திகளும் நூலில் இடம்பெறுகின்றன. 1979 சூன் 12 அன்று பிரையன் அலன் மிதித்துச் செலுத்திய கோசமர் அல்பட்ராஸ், ஆங்கிலக் கால்வாயை 2 மணி 49 நிமிடங்களில் கடந்தது. 1988இல் டீடலஸ் என்ற ஊர்தி கிரீட் தீவிலிருந்து சந்தோரினி வரை 115 கி.மீ. பறந்தது.

தொடர்புடைய நூல்

யோப்ஸ்ட் பிராண்ட் 1981இல் வெளியிட்ட "த பைசிக்கிள் வீல்" இந்நூலோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. ஸ்போக்ஸ் எனப்படும் ஆரக்கம்பிகள் முன்கூட்டியே இறுக்கப்பட்டிருப்பதால், பாரம் ஏறும்போது மேற்கம்பிகளின் இழுவிசை குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. நிலத்துக்கு அருகிலுள்ள சில கம்பிகளின் இழுவிசை மட்டுமே குறைகிறது என்பதைப் பிராண்ட் கணினிக் கணக்கீட்டால் காட்டினார். ஆகவே சக்கரம் கீழ்க்கம்பிகளின் மீதே நிற்கிறது என்பது அவர் கூற்று. மேற்கம்பிகளில் தொங்குகிறது என்று கருதுவோருக்கும் அவருக்கும் இடையே இது நீண்ட விவாதமாயிற்று. கம்பி கோக்கும் முறையும் படங்களுடன் அந்நூலில் விளக்கப்பட்டுள்ளது.