பனிக்கட்டியின்மேல் ஓடிய லொறிகள்

மோட்டார் வண்டியின் வரலாறு என்றதும் பந்தயக் கார்களும் அவற்றை ஆக்கியோர் பெயர்களுமே பலர்க்கும் நினைவுக்கு வரும். சரக்கேற்றும் லொறிக்கு அவ்வரலாற்றில் ஓர் ஓரத்து இடந்தான். ஆயினும் ஒரு பெருநகரின் உயிர் ஒன்றரைத் தொன் லொறிகளின் சில்லுகளிலே தங்கியிருந்த காலமும் உண்டு. அந்நகர் ரஷ்யாவின் லெனின்கிராட். இன்று அது சென் பீற்றர்ஸ்பேர்க் என்னும் தன் பழம் பெயரை மீண்டும் பூண்டிருக்கிறது.

1941 ஆம் ஆண்டு செப்டெம்பர் 8 ஆம் நாள், அந்நகருக்குச் செல்லும் தரைவழிகளுள் எஞ்சியிருந்ததையும் ஜேர்மன் படைகள் அடைத்துவிட்டன. ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் மக்கள் உள்ளே அகப்பட்டனர். நகருக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் லடோகா ஏரி ஒன்றே திறந்திருந்த வாயில். ஐரோப்பாவில் அதனிற் பெரிய ஏரி வேறில்லை. நவம்பரில் நீர் உறையத் தொடங்கவே படகுகளும் நின்றன. அம்மாதம் 20 ஆம் நாள் பாண் பங்கீடு முன்னொருபோதும் இல்லாத அளவுக்குக் குறைக்கப்பட்டது. தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம். அலுவலர்க்கும் குழந்தைகளுக்கும் பிறரில் தங்கி வாழ்வோர்க்கும் 125 கிராம், அதாவது கால் இறாத்தலுக்குச் சற்று மேல். அப்பாணிலும் மாவு முழுமையாய் இல்லை. மரக்கூழும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் அதிலே கலந்திருந்தன.

படகை நிறுத்திய குளிரே பாதையையும் தரவேண்டும் என்று நகரத்தார் காத்திருந்தனர். ஏரியின் குறுக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடக்க வேண்டும். சுமையற்ற குதிரை நடக்கப் பனிக்கட்டி 10 சென்ரிமீற்றர் தடித்திருத்தல் வேண்டும். ஒரு தொன் சரக்கேற்றிய லொறிக்கு 20 சென்ரிமீற்றர் வேண்டும். நவம்பர் 17 ஆம் நாள் ஒரு சிறு குழுவினர் கால்நடையாய்ச் சென்று, பனியைத் துளையிட்டு அளந்து, வழிக்கு அடையாளம் நட்டனர். அதன்பின் குதிரைகள் பூட்டிய சறுக்கு வண்டிகள் சென்றன. 22 ஆம் நாள் அறுபது லொறிகள் ஏரிக்குள் இறங்கின. அவை கொண்டுவந்தது 33 தொன் மாவு. வண்டி ஒன்றுக்கு அரைத் தொன்னை ஒட்டியே வரும். நகருக்கோ, குறைத்த அப்பங்கீட்டுக்குங்கூட நாளொன்றுக்கு 500 தொன்னுக்கு மேல் மாவு வேண்டியிருந்தது.

அந்த லொறியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அமெரிக்காவின் போர்ட் மோட்டார்க் கொம்பனியோடு 1929 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, போர்ட் லொறியொன்றின் அமைப்பை ஒட்டி, வொல்கா நதிக்கரையிலுள்ள கோர்க்கி நகர்த் தொழிற்சாலையில் ஆக்கப்பட்டது அது. நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரை வலு. ரஷ்யர் அதனை “பொலுதோர்க்கா” என்று அழைத்தனர். “ஒன்றரை” என்பதே அதன் பொருள். எளிய வண்டி; பெருமைப்படத்தக்க வண்டி என்று அதற்குமுன் எவரும் கருதியிரார். அதன் இலேசான உடலே ஏரியில் பெரும் பயனாயிற்று. சுமையை ஓரிடத்தில் அழுத்தாது பரப்புதற்காக, மூட்டைகளிற் பலவற்றை லொறியின் பின்னே கட்டிய சறுக்கு வண்டிகளில் ஏற்றினர். கட்டி உடைந்தால் குதித்துத் தப்பும்பொருட்டுச் சாரதிகள், கடுங்குளிரிலும் கதவைத் திறந்தபடியே ஓட்டினர். இரவில் விளக்கேற்றினால் பகைவர் குண்டு வரும். வழியெங்கும் கொடியும் கைவிளக்குமாய் நின்று திசை காட்டியோருட் பலர் இளம் பெண்கள்.

ஆயினும் லொறிகள் தாழ்ந்தன. அதிலும் ஒரு புதிர் இருந்தது. நகரை நோக்கிச் சுமையோடு சென்ற வண்டி பத்திரமாய்க் கரை சேர, நோயாளரையும் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பாரங் குறைந்து திரும்பிய வண்டி அதே பனியில் மூழ்கியது. லெனின்கிராட் பௌதிகத் தொழில்நுட்ப நிலையத்தைச் சேர்ந்த நவூம் ரெய்னொவ் முதலிய அறிஞர், பனித்தளத்தின் அசைவைத் தானே பதியும் கருவிகளை ஆக்கி ஏரியிலே வைத்தனர்.

அவர்கள் கண்டது இது. பனித்தளம் நீரின்மேல் மிதக்கும் பெரும் பலகை போன்றது. லொறி ஓடுமிடத்தில் அது சற்றே கீழே வளைகிறது. வளைவு நீரைத் தள்ள, பனியும் நீரும் சேர்ந்து அலையாய் அசைகின்றன. வண்டி மெல்லச் சென்றால் அலை விலகிப்போகும். வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒத்துவிட்டாலோ, அலை வண்டியை விட்டுப் பிரியாது மேன்மேலும் பெருகும். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளுவோர் சிறு விசையால் பெரு வீச்சைப் பெறுவது போன்றதே இது. இறுதியில் பனி பிளக்கிறது. அவ்வேகம் நீரின் ஆழத்தையும் பனியின் தடிப்பையும் பொறுத்தது; அப்பாதையில் அது மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றராய் இருந்தது. சுமை நிறைந்த வண்டி அவ்வேகத்தை எட்டவில்லை. பாரங் குறைந்ததும் வேகத்தைக் கூட்டுவது எந்நாட்டுச் சாரதிக்கும் இயல்பே. அங்கே அவ்வியல்பு உயிரைக் குடித்தது. அவ்வேகத்தைத் தவிர்க்கவும், வண்டிகள் அருகருகே ஓடாதிருக்கவும் விதிகள் வகுக்கப்பட்டன.

டிசெம்பர் 25 ஆம் நாள் பங்கீடு உயர்ந்தது: தொழிலாளிக்கு 350 கிராம், ஏனையோர்க்கு 200. அம்மாரியில் நகர மக்கள் லட்சக்கணக்கில் பசியால் மாண்டதை இவ்வுயர்வு தடுத்துவிடவில்லை; பாதை தந்த மாவு எவ்வளவுக்கு எட்டியதோ அவ்வளவே எட்டியது. பனி கனத்துப் பெரிய லொறிகளும் ஓடத் தொடங்கிய பின்னரே நிலை மாறியது. 1942 ஏப்ரலில், சில்லுகள் பனிமேல் தேங்கிய நீரில் அமிழ அமிழ ஓடிய கடைசி நாட்கள் வரை, அப்பாதை 3,61,000 தொன்னுக்கு மேற்பட்ட சரக்கை நகருக்குச் சேர்த்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றியது. மறு மாரியிலும் அது திறக்கப்பட்டது. 1943 ஜனவரி 18 இல் முற்றுகை ஓரிடத்தில் உடைபட்டு, பெப்ரவரி 7 ஆம் நாள் முதற் புகையிரதம் நகரை அடைந்தது.

பாதை ஏரிக்குள் இறங்கிய கரையில் 1966 இல் நினைவுச் சின்னமொன்று எழுப்பப்பட்டது. முறிந்த வளையம் போன்ற அவ்வளைவின் கீழ், நீரை நோக்கிச் செல்லும் இரு லொறிச் சில்லுத் தடங்கள் கொங்கிறீற்றில் பதிக்கப்பட்டுள்ளன.