முள் குத்தியும் வலிக்கவில்லையா?

களை எடுக்கும்போது காலில் முள் தைப்பதும், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்வதும் விவசாயிக்குப் புதிதல்ல. வலித்தால் பயமில்லை. முள் தைத்ததே தெரியாமல், மாலையில் வீட்டார் சொல்லித் தெரிய வந்தால்தான் யோசிக்க வேண்டும். நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால், பாத நரம்புகள் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி மரத்துப் போகின்றன. ரத்த ஓட்டமும் குறைந்துவிட்டால் சிறு கொப்புளம்கூட ஆறாத புண்ணாகிறது. சீழ் எலும்பு வரை இறங்கினால் விரலை, சில சமயம் காலையே எடுக்க நேரிடும்.

மரத்த கால் எப்படிக் கெடுகிறது என்பதை வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் செய்த சிகிச்சை தெளிவாக்கியது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழவில்லை, உணர்ச்சி இல்லாததால் அவர்களுக்குத் தெரியாமலே காயப்பட்டுத் தேய்கின்றன என்று அவர் கண்டார். இரவில் எலி கடித்தால்கூடச் சிலருக்கு விழிப்பு வரவில்லை. அதற்கு அங்கே கொடுத்த மருந்து ஒரு பூனை! 1966-ல் அமெரிக்கா சென்ற பிறகு, அதே பாடத்தை நீரிழிவுக்காரர்களின் கால்களுக்கும் அவர் பயன்படுத்தினார்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை வீட்டார் ஒருவர் மாற்றி மாற்றி, அழுத்தாமல் ஓரிரு விநாடி தொடட்டும். ஆறில் இரண்டு தெரியாமல் போனாலும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

மரத்த காலுடன் சேற்றில் இறங்குவதுதான் பெரிய சிக்கல். சேற்றில் செருப்பு நிற்காது. ரப்பர் பூட்ஸ் புதைந்துகொள்ளும். உள்ளே தண்ணீர் புகுந்தால் தோல் ஊறிவிடும். எனவே சேற்று வேலையை வளர்ந்த பிள்ளைகளிடமோ கூலி ஆளிடமோ விட்டுவிட்டு, வரப்பு வேலையைப் பார்ப்பதே நல்லது. இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

தினமும் மாலையில் கால் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், பித்தவெடிப்புக்குச் சுடுநீரில் கால் வைப்பதும் கூடாது. புண் வந்துவிட்டால் மருந்து மட்டும் போதாது, அந்தக் காலை ஊன்றக் கூடாது. வலிக்கவில்லையே என்று நடந்துகொண்டே இருப்பதால்தான் பலருக்குப் புண் ஆறுவதில்லை.

ஆணி அடித்த டயர் செருப்பு வேண்டாம். ஆணி மேலே கிளம்பினாலும் தெரியாது. மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் வைத்து, பின்வார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்கினால் பிறகு இறுக்காது.