மை போட்டுப் பார்த்த வல்லரசு



நகை தொலைந்தால் மை போட்டுப் பார்க்க ஓடுவோர் நம் எடமலைப்பட்டி புதூரிலும் உண்டு. அமெரிக்க அரசும் ஒருகாலத்தில் ஏறக்குறைய இதையே செய்தது. அறைக்குள் அமர்ந்தபடியே எதிரி நாட்டு இரகசியங்களை மனத்தால் காண முடியுமா என்று 1972 முதல் அதன் உளவுத்துறையும் பின்னர் இராணுவமும் ஆராய்ந்தன. ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவாயிற்று. 'ஸ்டார்கேட்' என்ற பெயருடன் முடிந்த அத்திட்டம் 1995-இல் கைவிடப்பட்டது. அதில் கிடைத்த தகவல் எந்த உளவு நடவடிக்கைக்கும் வழிகாட்டவில்லை என்று மதிப்பீட்டுக் குழு அறிவித்தது.

அவர்கள் இழந்தது பணம். நம் தெருவிலோ, மையில் தெரியும் 'திருடி' பெரும்பாலும் வீட்டு வேலை செய்யும் ஏழைப் பெண். குறிகேட்பது முதல் கட்டளைக்கு எதிரானது. அதை நம்பி ஒருவர்மீது பழிசுமத்துவது எட்டாம் கட்டளைக்கும் எதிரானது. நகை திரும்பக் கிடைக்கலாம். அவளது நற்பெயர் கிடைக்குமா?