கண் ரோட்டில், வழி காலில்

ராத்திரி ஷிப்ட் நேரத்தில் ஒரகடம் ஜங்ஷனில் இறங்கியிருக்கீங்களா? வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் ரோடும் சந்திக்கும் இடம். கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் வந்துக்கிட்டே இருக்கும். இன்டர்ன்ஷிப்புக்குப் புதுசா வர்றவங்க மேப்பைப் பார்த்துக் குனிஞ்சபடியே நடப்பாங்க. சரி, இயர்போனில் வழி கேட்கலாமேன்னா, பின்னாடி வர்ற லாரிச் சத்தம் கேட்காது.

கண்ணும் காதும் ரோட்டுக்கே வேணும். அப்போ வழியைத் தோலுக்குச் சொன்னா என்ன? தொடு உணர்வு மூலம் தகவல் சொல்லும் இந்த டெக்னாலஜிக்குப் பெயர் ஹேப்டிக்ஸ்.

ஹைதராபாத்தின் டுசேர் டெக்னாலஜீஸ் 2014-ல் 'லே சல்' என்ற காலணியை அறிமுகப்படுத்தியது. இந்தியில் 'கூட்டிட்டுப் போ'ன்னு அர்த்தம். பார்வையற்றவர்களுக்காகப் பிறந்த யோசனை. போனில் இருக்கும் மேப் ப்ளூடூத் வழியா காலணிக்குச் சொல்லும். இடதுபக்கம் திரும்பணும்னா இடது கால் அதிரும், வலதுபக்கம்னா வலது கால். 2015-ல் வந்த ஆப்பிள் வாட்ச் ஒரே கையில் இருப்பதால் தட்டும் முறையை மாத்தினாங்க: வலதுக்குத் தொடர்ந்து 12 தட்டு, இடதுக்கு இரண்டிரண்டா மூணு முறை.

உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. குட்டி மோட்டாரின் அச்சில் எடையை ஒரு பக்கமா மாட்டிச் சுத்தவிட்டாலே அதிரும். நம்ம தோல் 200–300 ஹெர்ட்ஸ் அதிர்வை நல்லாவே உணரும்.

சிக்கல் மேப்பில்தான். திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை தப்பலாம். நீங்க மெயின் ரோட்டில் நிக்கிறீங்களா, சர்வீஸ் ரோட்டிலான்னு அதுக்குக் குழப்பம் வரும். வலது கால் அதிருது, ஆனா வலதுபக்கம் இருப்பது மீடியன்! எதிரே லாரி நிக்கிறதும் அதுக்குத் தெரியாது. தடையைக் கண்டுபிடிக்க வேற கருவி இருக்கு. ஐஐடி டெல்லி உருவாக்கிய 'ஸ்மார்ட்கேன்' அல்ட்ராசோனிக் அலை அனுப்பி, 3 மீட்டர் வரை இருக்கும் தடையைக் கைப்பிடி அதிர்வில் சொல்லும். தயாரிப்பது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு மோட்டாரும் ப்ளூடூத் போர்டும் ஈஸியா வாங்கிடலாம். எங்கே பத்திரமா ரோட்டைக் கடக்கலாம்ங்கிற டேட்டாவை நாமதான் சேர்க்கணும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நடைபாதை, கிராசிங் எல்லாம் யார் வேணும்னாலும் குறிக்கலாம். அடுத்த முறை ஒரகடம் பக்கம் போனா, நீங்க கடந்த கிராசிங் அதில் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா சேர்த்துட்டு வாங்க.